மலையேறுவது நம் நெல்தான்

தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்துக்கு ஏற போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மூன்று முக்கிய மலைச்சாலைகள் உள்ளன. விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், காய்கறி வண்டிகள், பேருந்துகள் எல்லாம் இவற்றில்தான் போகின்றன. ரேஷன் அரிசியும் இதே வழியில்தான் மலையேறுகிறது. சாலையில் சோதனை இறுகினால், பொட்டிப்புரம், தேவாரம் போன்ற அடிவார ஊர்களுக்கு மேலே மலையில் பழைய நடைபாதைகள் இருக்கவே இருக்கின்றன.

"இத்தனை மூட்டை பறிமுதல், வாகன ஓட்டுநர் கைது" என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதை போலீஸ் செய்தி என்று நினைக்காதீர்கள். அது உங்கள் களத்துமேட்டுச் செய்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்தால் 2,500. ஒரு குவிண்டால் நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது அரசின் அரவைக் கணக்கு. அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு நெல் விலை மட்டுமே 36 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாக்கு, அரவைக் கூலி, லாரி வாடகை, கிடங்குச் செலவு சேர்த்தால் 40 ரூபாயைத் தாண்டிவிடும்.

2011 ஜூன் முதல் இந்த அரிசி நம் மாநிலத்தில் இலவசம். வாங்கிய வீட்டில் அது சோறாகாதபோது, வாசலுக்கு வரும் ஆளிடம் கிலோவுக்குச் சில ரூபாய்க்குப் போகிறது. அங்கிருந்து தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் சேர்கிறது. மூட்டை மாறி, மலை தாண்டி, ஆலையில் மெருகேறி, பெயர் போட்ட பையில் அரிசிக் கடைக்கு வந்துவிடுகிறது. ஒரு பகுதி கோழித்தீவனமாகவும் மாவாகவும் போகிறது.

இதில் உங்களுக்கு என்ன நட்டம்? கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காதபோது நீங்கள் வியாபாரியிடம்தான் போகிறீர்கள். நியாயமான விலைக்கு நெல் வாங்கி அரைக்கும் ஆலைக்காரர், சில ரூபாய்க்கு வாங்கிய அரிசியோடு சந்தையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. அவர் குறைக்கக்கூடிய ஒரே செலவு உங்கள் நெல்லுக்குத் தரும் விலைதான். அரசு வாங்கிய விவசாயியின் நெல்லே சுற்றி வந்து இன்னொரு விவசாயியின் விலையை அறுக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. 1980-ம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் 6 மாதம் வரை காவலில் வைக்கலாம். கடத்திய வண்டியையும் பறிமுதல் செய்யலாம். ஆனால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஓட்டுநரும் சுமைகூலியும்தான். பணம் போட்டவர் வண்டியில் ஏறுவதில்லை.

இந்தக் கதையை நாடு மண்ணெண்ணெயில் ஏற்கெனவே பார்த்துவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெருகியபோது, அதைத் திருடி டீசலில் கலக்கும் கும்பல்கள் வளர்ந்தன. அந்தக் கலப்பட டீசலை ஊற்றிய டிராக்டர்களின் எரிபொருள் பம்பு தேய்ந்தது. கலப்படத்துக்காக ஒரு பெட்ரோல் நிலையத்தின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25-ல் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரிக்கப்பட்டார். சோதனைகள் ஒரு பக்கம் நடந்தன. ஆனால் அந்தத் தொழிலின் அடிவேரை அறுத்தது, மானியம் படிப்படியாகக் குறைந்து விலை இடைவெளி சுருங்கியதுதான்.

அரிசியில் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கூலி வேலை இல்லாத மாதங்களில் பல வீடுகளில் உலை கொதிப்பது அந்த அரிசியால்தான். எனவே இலவசத்தை நிறுத்துவதை விட்டுவிட்டு, விற்கத் தோன்றாத அரிசியைக் கொடுப்பதே வழி. தரம் சரியாக இருந்தால் பாதி வீடுகளில் அது சோறாகும். அரிசி வேண்டாதவர் அதை விட்டுக்கொடுத்தால் வேறு சலுகை பறிபோகாது என்று அரசு தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அச்சத்தில்தான் பலர் வாங்கி விற்கிறார்கள். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. போடி, ஆண்டிபட்டி பகுதிகளின் மானாவாரி நிலம் சிறுதானியத்துக்குப் பழகிய மண். இங்கே விளையும் கேழ்வரகையும் சோளத்தையும் இங்கேயே கொள்முதல் செய்து ரேஷனில் கொடுத்தால், கடத்தலும் குறையும், மானாவாரி விவசாயிக்கும் ஒரு சந்தை கிடைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்குத் தோட்டத்துக் கொட்டகையையோ சரக்கு ஆட்டோவையோ வாடகைக்கு விடும்போது, என்ன சரக்கு என்று கேளுங்கள். அரிசி பிடிபட்டால் முதலில் பறிபோவது உங்கள் வண்டி. வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தால் சும்மா விடாதீர்கள். ரேஷன் புகாருக்கு 1967 அல்லது 1800 425 5901 எண்ணிலும், கடத்தல் தகவலுக்கு 1800 599 5950 எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம்.

இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கி மாட்டுக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடமே உண்டு. அளவு மீறினால் வயிற்றில் அமிலம் கூடி மாடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், கறவை விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். கால்நடை மருத்துவர்களும் வேளாண் அலுவலர்களும் கிராமக் கூட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர், ஓடும் வண்டியைத்தான் நிறுத்த முடியும். அது புறப்படும் இடம் நம் ஊர். அங்கே நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.