ஆவாரம் பட்டையும் ஆய்வுக்கூடமும்

பிரபுல்ல சந்திர ராயைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். தாடி, கதர்ச்சட்டை, கல்யாணம் கட்டாத தேசபக்தர். 1896இல் மெர்குரஸ் நைட்ரைட், 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ். அதோடு பாடம் முடிஞ்சுது. அவர் எழுதிய இந்து வேதியியல் வரலாற்றின் இரண்டாம் பாகத்தை (1909) எந்த வாத்தியாரும் திறந்து காட்டுவதில்லை.

ஏனென்றால் அதில் குற்றவாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்: சாதி. கையால் செய்கிறவன் ஒரு சாதி, ஏன் எப்படி என்று யோசிக்கிறவன் வேறு சாதி என்று பிரித்தபோதே இந்த நாட்டில் விஞ்ஞானம் செத்தது என்கிறார். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றான் மனு. அறுவைச் சிகிச்சை அழிந்தது.

கரிக்கலாம்பாக்கம் சேரியில் எங்க பெரியப்பா ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறவைத்துத் தோல் பதனிட்டவர். பட்டையிலுள்ள டானின் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தோல் அழுகாது. கல்லூரிக் கரும்பலகையில் அந்த வார்த்தையைப் பார்த்தபோது எனக்கு மூக்கில் ஏறியது பெரியப்பா கை வாசனை. ‘இது எங்க வூட்டுச் சமாச்சாரம் சார்’ என்று எழுந்து சொல்ல வாய் வரவில்லை. ராய் சொன்ன பிளவு அந்த வகுப்பில் என் தொண்டையில் இருந்தது.

ராயையும் சும்மா விட முடியாது. எடின்பரோவில் டி.எஸ்சி. வாங்கி வந்தவருக்கு 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் வெள்ளைக்காரனுக்குள்ள உயர்பணி கிடைக்கவில்லை. மாகாணப் பணி, மாதம் 250 ரூபாய். கீழ்ப்படியில் நிற்கிற வலி தெரிந்தவர்தான். ஆனால் ஜமீன் வீட்டுக் காயஸ்தர். பௌத்தத் தந்திர நூல்களையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு அட்டையில் எதற்கு ‘இந்து’? புத்தகம் வந்து இரண்டே வருஷம்; 1911இல் அதே கல்லூரியில் சேர்ந்த அவர் மாணவர் மேகநாத் சாகாவோடு உட்கார்ந்து சோறு தின்ன மாட்டோம் என்றார்கள் விடுதிப் பையன்கள். அச்சில் ஏறிய நியாயம் பந்திக்கு வரவில்லை.

இப்போது மட்டும் வந்துவிட்டதா? 2018 மார்ச் 5இல் யு.ஜி.சி. ஓர் உத்தரவு போட்டது: இடஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் அலகல்ல, துறையே அலகு. அந்தக் கணக்கில் தலித்துக்கு ஏழாவது நியமனம், பழங்குடிக்குப் பதினாலாவது. ஆறு பேராசிரியர் இடமுள்ள வேதியியல் துறையில் ஒருவர் ஓய்வுபெற்று ஏழாவது ஆள் வரும்வரை நமக்குச் சுழி. பேங்கில் கூட்டிக் கழிக்கிறவன் நான். இது கணக்குப் பிழை இல்லை, கணக்குப் போட்டுச் செய்தது. தெருவில் இறங்கியதால்தான் 2019இல் சட்டம் போட்டு மாற்றினார்கள்.

சட்டம் வந்தது, ஆள் வந்தாரா? மாணவத் தோழர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் ரோஸ்டர் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய். வேதியியல் துறையிலிருந்து ஆரம்பியுங்கள்.