மழையில் நனைந்த வண்டி... ஈரம் காய்ந்தால் மட்டும் போதுமா? கடலோர மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில். வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால், சில வாரம் கழித்து ஹார்ன் அடிக்காது, இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியும். "அதான் காய்ஞ்சிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். தண்ணீர் போய்விட்டது, உப்பு போகவில்லை. அதுதான் சிக்கல்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் என்ன வித்தியாசம்?

செங்கல்பட்டு நகரம் கடலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கு வெள்ளத்தில் மூழ்காமல், மழையில் மட்டும் நனைந்த ஒயர் இணைப்புகள் காயவைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பகுதிகளில் புயல் காற்றோடு கடல் சாரலும் சேர்ந்து வரும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். நீர் ஆவியானாலும், உப்பு கப்ளருக்குள் இருக்கும் பின்களில் படிந்துவிடும். காற்றில் உள்ள ஈரத்தை அது மறுபடி இழுக்கும். அதில் மின்சாரமும் பாய்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். செம்பில் பச்சை பூப்பது அதன் அடையாளம்.

எப்படி காயவைப்பது?

* சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள்.
* ஒயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அழுத்தி கப்ளரைப் பிரியுங்கள்.
* உப்புநீர் பட்டிருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் அடிக்கலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது.
* உதறிவிட்டு, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம். பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் உருகிவிடும்.
* முழுசாக காய்ந்த பிறகு டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள்.

பச்சை அரித்துத் தின்ற பின்னை உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். மாற்றுவதே நல்லது.

எதில் கை வைக்கக் கூடாது?

மின்சார கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, தொடவே கூடாது. இ-ஸ்கூட்டரின் பேட்டரி, மோட்டார் இணைப்புகளையும் சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும்.

வீட்டு பிளக் பாயின்ட் நனைந்தால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். உலர்ந்த இடத்தில் நின்று, ஈரமில்லாத கையால் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டு பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தால் நெருங்காமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். ஆர்சிசிபி டிரிப் ஆனால் திரும்பத் திரும்ப தூக்கிவிடாதீர்கள். எங்கோ மின்கசிவு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது.

ஒரு நாள் பொறுத்தால் செலவு ஒரு கப்ளரோடு முடியலாம். அவசரப்பட்டு சாவியைத் திருப்பினால், மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டி வரும்.