நெருப்பில்லா அடுப்பு

மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய சோறு உடம்புக்குக் கெடுதலா என்று நம் தாய்மார்களில் சிலர் இன்றும் கேட்கிறார்கள். பயம் வேண்டாம், வாசகர்களே. அது வானொலி அலைக்கு நெருங்கிய உறவு, அணுக்கதிர் அல்ல. விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல, அடுப்பு நின்றதும் அலையும் போய்விடும். சோற்றில் தங்காது.

அடுப்புக்குள் மாக்னட்ரான் என்ற குழாய் வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையை எழுப்புகிறது. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்பித் திரும்பி உரசுவதால் சூடு பிறக்கிறது. போர்க்கால ராடாருக்காக 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் இக்குழாயைச் செம்மைப்படுத்தினார்கள். அமெரிக்காவின் ரேத்தியன் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் அதைச் சமையலுக்குத் திருப்பினார். 1947-இல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம். எடை சுமார் 340 கிலோ! வீட்டு மேசையில் வைக்கும் அடுப்பு 1967-இல் 495 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

தோட்டத்து வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தச் சங்கதி உண்டு. கார் கதவோரத்து ரப்பர் பட்டையைக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால்தான் உறுதிப்படும். ரப்பரோ சூட்டை எளிதில் உள்ளே விடாது. மேலே வெந்தாலும் உள்ளே பச்சையாக நிற்கும். ஆகவே ஆலைகளில் பட்டையை மைக்ரோவேவ் குகைக்குள் ஓடவிடுகிறார்கள். உள்ளும் புறமும் ஒருங்கே சூடேறுகிறது. வேடிக்கை என்னவென்றால், மரம் சீவி எடுத்த பாலின் சுத்த ரப்பர் இந்த அலையை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அதில் கலக்கும் கரித்தூள்தான் அலையை வாங்கிக்கொள்கிறது.

கல்லாய் உறைந்த இறைச்சியை வெட்டும் பதத்துக்கு இளக்கவும் ஆலைகள் இதைப் பயன்படுத்துகின்றன. முழுதும் உருகுமுன்பே நிறுத்திவிடுவார்கள். ஏனென்றால் பனிக்கட்டி அலையை அதிகம் உறிஞ்சாது. உருகிய நீரோ பேராசையோடு உறிஞ்சும். உங்கள் வீட்டுக் கோழி ஓரம் வெந்து, நடுவில் உறைந்தே கிடப்பது இதனால்தான்.

முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும். வெறும் தண்ணீர் கொதிக்காததுபோல் அமைதியாக இருந்து, கரண்டி பட்டதும் பொங்கிக் கையைச் சுட்டுவிடலாம். குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்கவே வேண்டாம். புட்டி வெளியே இளஞ்சூடாயிருக்கும். உள்ளே ஓரிடத்துப் பால் நாக்கைப் பொசுக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.