சுவரில் தொங்கும் சான்றிதழ் மருந்து கொடுக்குமா?

குமாரலிங்கபுரத்துக் கரிசல் காட்டில் களையெடுக்கும் கூலிக்காரருக்கும், அருப்புக்கோட்டை மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும் ஜுரம் வந்தால் முதல் ஆஸ்பத்திரி எது? மருந்துக் கடைதான். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கடைக்குப் போய், "ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்கிறார்கள். கடைப் பையன் நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தருகிறான்.

அந்த நாலில் என்ன இருக்கிறது? ஆன்டிபயாடிக் இருந்தால், அதை ஒரு வேளை தின்று நிறுத்துவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும். மறுமுறை அதே மருந்து வேலை செய்யாது. ஸ்டீராய்டு இருந்தால் அன்றைக்கு உடம்பு லேசாகும். அடிக்கடி தின்றால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏறும், எலும்பு பலமிழக்கும். வலி மாத்திரை இருந்தால், வெறும் வயிற்றோடு வெயிலில் வேலை செய்பவருக்குக் குடலும் சிறுநீரகமும் பாழாகும். இது வாங்குகிறவருக்குத் தெரியாது. கொடுக்கிற பையனுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது! ஆளை மட்டும் காணோம்!

சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1948ம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், 42வது பிரிவு. டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரிமை என்கிறது. 1940ம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும், அவர் நேரில் நின்று மேற்பார்வையிட வேண்டும் என்கின்றன. ஆனால் நடப்பது என்ன? பட்டம் பெற்றவர் தன் சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு ஊரில் வேறு வேலை பார்க்கிறார். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தது போலப் படிப்பும் வாடகைக்குக் கிடைக்கிறது! ஊரறிந்த ரகசியம் இது.

"படித்தவனுக்குப் பேராசை" என்று சிலர் இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு நமக்கு ஒப்புதல் இல்லை. சான்றிதழை வாடகைக்கு விடுவது குற்றம்தான். ஆனால் கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிப் பட்டம் வாங்கியவனுக்கு, கடை முதலாளி எவ்வளவு சம்பளம் தருகிறார்? படித்தவனை நாள் முழுதும் நிறுத்திச் சம்பளம் கொடுப்பதைவிட, அவன் காகிதத்துக்கு வாடகையும், படிக்காத நம் வீட்டுப் பையனுக்கு அற்பக் கூலியும் கொடுப்பது லாபம் என்று கணக்குப் போட்டவர் யார்? அந்த லாபக் கணக்கில்தான் பாட்டாளியின் குடல் வேகிறது.

வாசல் எங்கே அடைபட்டது?

பி.பார்ம் நாலு வருஷப் படிப்பு, எட்டு செமஸ்டர். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக்கூடாது, எத்தனை அளவு மருந்தாகும், எத்தனை அளவு விஷமாகும் என்பதைக் கற்றுத்தரும் படிப்பு. இது நம் பிள்ளைகளின் மூளைக்கு எட்டாததா? இல்லை. கைக்கு எட்டவிடாமல் செய்திருக்கிறார்கள்.

முதல் வாசல் பதினோராம் வகுப்பு. பௌதிகம், ரசாயனம், அவற்றோடு உயிரியலோ கணிதமோ எடுத்திருக்க வேண்டும். சயின்ஸ் பிரிவு இல்லாத பள்ளியில், அல்லது வாத்தியார் இல்லாத சயின்ஸ் பிரிவில் படித்த பிள்ளைக்கு வாசல் அங்கேயே அடைபட்டது.

இரண்டாவது வாசல் இடம். அரசுக் கல்லூரியில் பி.பார்ம் என்றால் சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி என்ற இரண்டு பெயர்களே காலங்காலமாக நம் காதில் விழுந்தவை. 2022 ஜனவரி 12ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் உண்டு. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் டாக்டரை உருவாக்கும் இடத்தில் மருந்தாளுநரையும் உருவாக்கலாம் என்பதற்குச் சென்னையும் மதுரையும் சாட்சி இல்லையா?

மூன்றாவது வாசல் பணம். தனியார் கல்லூரிகள் பெருகித் தரம் கெடுகிறது என்று சொல்லி, 2019ல் இந்திய மருந்தாளுமைக் கவுன்சில் புதுக் கல்லூரிகளுக்கு ஐந்து வருஷம் தடை போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கல்வி நிலையம் தொடங்குவது அரசியல் சட்டம் தந்த உரிமை, அதைச் சட்டத்தால்தான் கட்டுப்படுத்தலாம், வெறும் உத்தரவால் முடியாது என்று 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கோர்ட்டு சட்டத்தைச் சொன்னது. நாம் நியாயத்தைக் கேட்கிறோம். பணம் போடுகிறவனுக்குக் கல்லூரி திறக்க உரிமை உண்டென்றால், கூலிக்காரன் மகள் அதில் படிக்கும் உரிமை எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

"ஜவுளிப் பூங்கா வருகிறதே!"

நம் ஜில்லாவில் இ.குமாரலிங்கபுரத்தில் 1052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023ல் அறிவித்தார்கள். "வேலை வருகிறது, பட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. வேலை வரட்டும். நூல் நூற்பது இழிவல்ல; நம் ஜில்லாவுக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆனால் கரிசல் காட்டுப் பிள்ளை பிறக்கும்போதே ஸ்பிண்டிலுக்கு என்று முத்திரை குத்தியா பிறக்கிறது? பஞ்சுத் தூசியில் இருமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுக்க அவர்கள் பிள்ளைகளே படித்து வரக்கூடாதா?

"சலுகைகள் இருக்கின்றனவே" என்பார்கள். 2010ல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022லும், பையன்களுக்கு 2024லும் வந்தது. அவற்றை மதிக்கிறோம். ஆனால் ஹாஸ்டலும் சாப்பாடும் பஸ்ஸும் புத்தகமும் ஆயிரத்தில் அடங்குமா?

விண்ணப்பிக்கும் வீட்டாருக்கு

பயப்படாதீர்கள். பி.பார்முக்கு 'நீட்' தேவையில்லை. பிளஸ் டூ மார்க்குதான் கணக்கு. மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு அறிவிப்பு வந்ததும் மனுப் போடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்களுக்குத்தான். புரோக்கரிடம் முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னால் அழ வேண்டாம். மருந்தாளுமைக் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு கிடைக்காது. பணம் கட்டுமுன் விசாரியுங்கள். டி.பார்ம் இரண்டு வருஷம் முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் வருஷத்தில் நேரே சேர வழியுண்டு.

நம் கோரிக்கைகள்

விருதுநகர், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசுக் கட்டணத்தில் பி.பார்ம் வேண்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகா மேல்நிலைப் பள்ளிகளில் சயின்ஸ் வாத்தியார் காலியிடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

மருந்துக் கடைகளில் மருந்தாளுநர் ஆளாக நிற்க வேண்டும். அவருக்குக் கௌரவமான சம்பளம் வேண்டும். சான்றிதழ் வாடகை வியாபாரத்தில் வாடகைக்கு விட்டவனை மட்டும் பிடித்து, வாடகைக்கு எடுத்த முதலாளியைத் தப்பவிடக்கூடாது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் தொடங்கி, மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிக் காட்டியது. மருந்தைப் பொதுப் பொறுப்பில் கொடுக்க முடியுமென்றால், மருந்துக் கல்வியையும் கொடுக்க முடியும்.

சங்கத் தோழர்களே! மில் வாசலிலும் காட்டு வேலைத் தலத்திலும் இதைப் பேசுங்கள். கடைக்குப் போனால், "மருந்தாளுநர் எங்கே?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!