கம்பம் நட்ட பிறகா கருத்துக் கேட்பது?

கொங்கு நாட்டுக் கிராமங்களில் தென்னந்தோப்புக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே ராட்சதக் கோபுரங்கள் நிற்கின்றன. சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து புகளூர் வரை ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர் தூரம் வரும் மின் தடம் அது. 6,000 மெகாவாட் மின்சாரத்தைச் சுமந்து வரக்கூடியது.

மின்சாரம் வரட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாவிட்டால் மில் ஓடாது, தறி ஓடாது, கிணற்றில் தண்ணீர் ஏறாது. நாம் கேட்பது ஒன்றுதான். இந்தத் தடம் எந்த வழியாகப் போக வேண்டும், யாருடைய காட்டில் கோபுரம் நட வேண்டும், எந்த மரம் விழ வேண்டும் என்று முடிவு செய்த நாளில், அந்தக் காட்டில் பாடுபடுகிறவனை யாராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று வைத்திருந்தார்கள். தந்திக் கம்பம் நடுவதற்காக வெள்ளைக்காரன் 1885-ல் ஒரு சட்டம் செய்தான். அந்தச் சட்டத்தின் அதிகாரத்தை 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் மின் தடம் போடுகிறவர்களுக்கும் வழங்க வழி செய்தது. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமலே கோபுரம் நடலாம். ஆட்சேபித்தால் கலெக்டர் உத்தரவு வரும். அதனால்தான் 2018-ம் ஆண்டு இறுதியில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் வேலையை விட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்த வேண்டி வந்தது.

நஷ்ட ஈட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று 2015-ல் மத்திய சர்க்கார் வழிகாட்டியது. 2024-ல் அதை 200 சதவீதமாக உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அது நிலத்துக்குப் போடும் கணக்கு. வெட்டிய தோப்பில் காய் பறித்துப் பிழைத்தவனுக்கும், மட்டை பின்னிக் கூலி வாங்கியவளுக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டா? நிலமில்லாதவனுக்கு நஷ்டமே இல்லை என்று எந்த வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்?

மின்சாரம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் இறங்கி வந்துதான் கோயம்புத்தூரில் மில்கள் பெருகின. கிணறுகளில் ஏற்றம் போய் மோட்டார் வந்தது. மலையைக் குடைந்தவர்கள் கூலிக்காரர்கள். மில்லில் நூல் நூற்றவர்கள் தொழிலாளிகள். ஆனால் மின்சாரம் யாருக்கு, எவ்வளவு, எந்த விலையில் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் இவர்களுக்கு நாற்காலி போட்டதில்லை. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட விவசாயிகளுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. மூன்று பேர் மாண்டார்கள்.

மின்சாரத் திட்டம் என்றால் என்ன? எவ்வளவு மின்சாரம் வேண்டும், எங்கிருந்து கொண்டு வருவது, எந்த வழியாகக் கொண்டு வருவது என்பது மட்டுமல்ல. பற்றாக்குறை வந்தால் யாருக்கு வெட்டுவது என்பதும் அதில் அடக்கம். 2012-ம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. சென்னையில் 2 மணி நேர வெட்டு. கோவை, ஈரோடு, மதுரைப் பக்கம் 12 மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. விசைத்தறி நின்றது. மில்லில் ஷிப்ட் போனது. "கரண்ட் இல்லை, வீட்டுக்குப் போ" என்றார்கள். போனவனுக்கு அன்றைய கூலி இல்லை. காட்டில் மோட்டாருக்கு மின்சாரம் நடுராத்திரியில் வந்தால், பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து இருட்டில் மடை திருப்பப் போனவன் யார்? வெட்டை முடிவு செய்தது ஒருவன். அதைச் சுமந்தது வேறொருவன்.

"சட்டத்தில்தான் மக்கள் கருத்துக்கு இடம் இருக்கிறதே" என்று சிலர் வாதாடுகிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் மக்களின் ஆட்சேபணைகளை ஒழுங்குமுறை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டுச் சட்டம். மாநில ஆலோசனைக் குழுவில் விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் ஆகியோரின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது. தேசிய மின் திட்டத்தின் நகலை வெளியிட்டுப் பொதுமக்களின் யோசனை கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நடப்பு என்ன? 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கட்டண உயர்வு பற்றிக் கருத்துக் கேட்டார்கள். செப்டம்பர் 10-ல் உயர்வு அமலுக்கு வந்தது. மாநிலம் முழுவதற்கும் மூன்றே ஊர்கள்! வேலை நாளில், ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி எத்தனை தொழிலாளி போக முடியும்? தேசிய மின் திட்டத்தின் நகலைப் பார்த்தவர் நம் ஊர்களில் யார்? சமையல் முடிந்து இலை போட்ட பிறகு, என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்பது போலத்தான் இதுவும். விலையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். வழியைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் கேட்பதில்லை.

"இது என்ஜினீயர்கள் விஷயம், கூலிக்காரனுக்கு என்ன தெரியும்?" என்றும் கேட்பார்கள். கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை என்ஜினீயர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் எந்த நேரத்தில் வோல்டேஜ் விழுந்து தறி திணறுகிறது என்பது தறிக்காரனுக்குத் தெரியும். எந்தப் பாதையில் போனால் குடிசைகள் தப்பும் என்பது ஊர்க்காரனுக்குத் தெரியும். சுமையை யார் தலையில் வைப்பது என்பது என்ஜினீயரிங் கேள்வி அல்ல. அது நியாயத்தின் கேள்வி.

சாதாரண மக்களால் முடியாது என்பவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் போய்ப் பார்க்கட்டும். அந்தக் கிராமப் பஞ்சாயத்து, தன் சேமிப்போடு பாங்குக் கடனும் வாங்கி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊர்த் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. பக்கத்துப் பாலக்காட்டில் ஜில்லா பஞ்சாயத்து மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டி 2014-ல் ஓட விட்டது. இவை சிறியவை, ஒரு மில் நகரத்துக்குப் போதாது. ஆனால் எங்கே, எவ்வளவு, யாருக்கு என்று ஊர் கூடி முடிவு செய்ய முடியும் என்பதற்கு இவை சாட்சி.

வேறு வழி இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் தடம் கேரளத்தில் ஒரு பகுதி தூரம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. செலவு கூடும், உண்மை. எங்கே அந்தச் செலவைச் செய்வது, எங்கே செய்யாமல் விடுவது என்பதைத்தான் நம்மையும் வைத்துப் பேசு என்கிறோம்.

ஒன்றை நமக்குள்ளும் ஒப்புக்கொள்வோம். மின்சாரம் மட்டும் வேண்டும், கம்பம் அடுத்தவன் காட்டில் நிற்கட்டும் என்று எல்லாரும் சொன்னால் எந்தத் திட்டமும் நடக்காது. பல்லடத்திலும் உடுமலையிலும் வைகாசி முதல் காற்று வீசுகிறது. அதைக் கொண்டு போகப் போதிய கம்பி இல்லாவிட்டால் அந்தக் காற்று வீண்தான். எனவே நாம் பேச உட்காரும்போது ஆட்சேபணையோடு யோசனையும் கொண்டு போக வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை. தடம் குறிக்கும் முன்பே, வரைபடத்தைத் தமிழில் வெளியிட்டு, அது போகும் ஒவ்வொரு ஊரின் கிராம சபையிலும் விளக்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களைத் தாலுகாதோறும் ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். மின்வெட்டு வந்தால் அதன் கால அட்டவணையை மாவட்ட அளவில் தொழிற்சங்கங்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் கலந்து முடிவு செய்ய வேண்டும். வேலை இழக்கும் கூலிக்காரனுக்கும் நஷ்ட ஈட்டில் பங்கு வேண்டும்.

மின்சார வாரியம் என்று நாம் இன்னமும் அழைப்பதை 2010-லும் 2024-லும் பல கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். பெயர்ப் பலகை மாறுகிறது. நம்மைக் கேட்காத பழக்கம் மட்டும் மாறவில்லை.

தோழர்களே! கிராம சபை கூடும் நாட்களில் மே முதல் நாளும் ஒன்று. ஊர்வலம் முடிந்ததும் கலைந்து போய்விடாதீர்கள். மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊர் வழியாக எந்தத் தடம் வரப்போகிறது என்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கம்பம் நடும் நாளில் மறிப்பதை விட, கோடு போடும் நாளில் பக்கத்தில் நிற்பது மேல்.