உடற்பயிற்சி ஆப்: ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிக்கு எப்போது கைகொடுக்கும்?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வருபவர்கள் பலர். செடியின் அடியில் காய்ப்பதால், நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் காய் எடுக்க வேண்டும். இவர்களில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தாலோ பக்கவாதம் வந்தாலோ, டிஸ்சார்ஜ் ஆனதோடு சிகிச்சை முடியாது. மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்காக க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி பஸ் ஏறினால், துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும்.

செல்போன் ஆப் போதுமா?

பக்கவாத நோயாளிகள் வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய உதவும் 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' சென்னையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. வீட்டிலேயே பயிற்சி சாத்தியம் என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆனால், 'லான்செட்' இதழில் 2017இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வு எச்சரிக்கிறது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. ஆப் இல்லாமல், நேரடியாகவே குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுத்தரப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மரணத்திலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ வித்தியாசம் இல்லை. சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது என்பதே இதில் தெரிவது.

எப்படி வடிவமைக்க வேண்டும்?

வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன் என்றால், மகன் அதை வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். எனவே சிக்னல் இல்லாமலும், பாஸ்வேர்டு கேட்காமலும் ஆப் இயங்க வேண்டும். "முழங்காலை 90 டிகிரி மடக்கவும்" என்று எழுத்தில் காட்டுவதைவிட, "கட்டில்ல உக்காந்து, பாதம் தரையில படுற மாதிரி காலை மடக்குங்க. வலி கூடுனா நிறுத்திடுங்க" என்று குரலில் சொன்னால் புரியும்.

குத்தவைப்பதும் மேடு ஏறுவதும்தான் இவர்களுக்குப் பிழைப்பு. ஆனால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர் குத்தவைத்தால் மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் ஒரே வீடியோ காட்டும் ஆப் இதை அறியாது.

யார் கவனிப்பது?

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பயிற்சியை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த முறை அவர் வரும்வரை ஆப் துணை நிற்கலாம். வலி கூடினாலோ மூன்று நாள் பயிற்சி விட்டுப்போனாலோ, சிக்னல் கிடைத்ததும் அவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் போனில் பேசும் நேரமும் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இல்லையென்றால், அந்தத் தகவலைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.