அசையாம படுன்னு சொல்லாதீங்க

ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "ஆளு நல்லாத்தானே இருக்க?" கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, யார் நம்புவார்கள்? எனக்கு வந்தது உள்காதுத் தலைசுற்றல். கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் போதும், ஃபேனோடு கூரையும் சேர்ந்து சுற்றும்.

அம்மா "பித்தம்" என்று இஞ்சிச் சாறு கொடுத்தார். நான் "மயக்கமா வருது" என்று சொன்னதால் முதலில் பிரஷரும் சுகரும் பார்த்தார்கள். "மயக்கம் இல்லை சார், ரூமே சுத்துது" என்ற பிறகுதான் காது டாக்டரிடம் அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டு. அவை இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை நின்ற பிறகும் "இன்னும் சுத்துது" என்று காது தப்பாக எழுதும். கண்ணும் காலும் வேறு கணக்கு சொல்லும். இருப்பாய்வு எப்படி டேலி ஆகும்? மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி 1992-ல் வெளியிட்ட முறைப்படி, என் தலையை ஒவ்வொரு கோணமாகத் திருப்பி, சில நிமிடங்களில் அதை வெளியேற்றிவிட்டார் டாக்டர்.

சுற்றல் நின்றது. ஆனால் படகில் நிற்பது போல ஓர் ஆட்டம் மிச்சமிருந்தது. அதைவிடப் பெரிது பயம். வலப்பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். அடுத்த வாரம் செமஸ்டர். வீட்டிலோ, "அசையாம படு". மாமா ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கச் சொன்னார். முன்பு டாக்டர்களே அப்படிச் சொன்னதுண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்கிறது.

என்னைக் கேட்டால், சிகிச்சை முடிந்த பிறகும் அசையாமல் கிடப்பது ஓய்வே அல்ல. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவைப்பது மாதிரி. பிழை அங்கேயேதான் இருக்கும். நடந்தால்தான், தலையைத் திருப்பினால்தான் மூளை பழையபடி கணக்கைச் சரிபார்க்கும்.

ஆறாம் நாள் அப்பா, "வா, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் மட்டும் நடந்தார். அன்று ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கூரை சும்மா இருந்தது.

இது திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு "படு" என்று சொல்லாதீர்கள். கூட நடந்து போங்கள்.